அரிக்கன் லாம்பு: புகைக்குக் காரணம் திரி இல்லை

திரியை மாற்றியும் மண்ணெண்ணெயை மாற்றியும் அடங்காத புகை ஒருவழியாக நின்றுவிட்டது. சிமிலியில் இப்போது பொட்டுக் கரி இல்லை. கோளாறு முழுக்கப் பக்கக் குழாய்களில்தான்!

சிமிலியைக் காக்கும் சட்டம் என்றுதான் பலரும் அந்தக் குழாய்களை நினைக்கிறார்கள். 1870களில் வந்த ‘கோல்ட் பிளாஸ்ட்’ அமைப்பின் உயிரே அவைதான். சூடான புகை நடுவால் மேலே போய்விடும். தொப்பிக்குக் கீழே நுழையும் புதுக்காற்று இரு குழாய்களாலும் இறங்கிப் பேர்னருக்கு வரும். முந்தைய வகையில் எரிந்த காற்றும் சேர்ந்து திரும்பி வருவதால் வெளிச்சம் மங்கல். ஒரு குழாய் அடைத்தாலே சுடர் மஞ்சளாக நீண்டு கரி கக்கும்.

கராஜில் கிடந்த லாம்பென்றால் உள்ளே குளவி மண்கூடு இருக்கும், அதுவும் கீழ் வளைவில் இறுகியிருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு சைக்கிள் பிரேக் வயரின் முனையைப் பிரித்து விரித்து, கீழிருந்து திருகித் திருகி ஏற்றுங்கள். குத்தித் தள்ளினால் மண் வளைவில் இன்னும் இறுகும். சிமிலித் தட்டுக்குக் கீழுள்ள அறைக்குள் ரப்பர் குழாயால் ஊதுபத்திப் புகையை ஊதிப் பாருங்கள். மேலே இரு பக்கமும் ஒரே அளவாக வரவேண்டும். குழாயில் துருவோட்டை இருந்தாலும் காற்றோட்டம் கெடும், ஈயம் வைத்து அடைக்க வேண்டும்.

திரி விஷயம் சுருக்கமாக: கொழும்பின் ஈரத்துக்குப் புதுத்திரியையும் வெயிலில் காயவைத்தே போட வேண்டும். நேராக வெட்டி, இரு மூலைகளையும் இரண்டு மில்லிமீற்றர் சாய்த்து விடுங்கள். எண்ணெய் விட்டு இருபது நிமிடம் ஊறிய பிறகே நெருப்பு.

எரிச்சல் தருவது புதுச் சிமிலிகள். விளிம்பு சமமாக இருப்பதில்லை, தட்டில் ஆடும், இடுக்கால் காற்று புகுந்து சுடர் துள்ளும். பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளுக்குப் போகும்போது பழைய சிமிலியைக் கையோடு கொண்டுபோங்கள். உயரம், இரு வாய்களின் விட்டம் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். கண்ணாடி மேசையில் கவிழ்த்து ஆட்டிப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

எண்ணெய்த் தாங்கியின் அடியில் ஊசித்துளை ஒன்று இன்னும் மிச்சம். வினாகிரி ஊற்றித் துருவை எடுக்கலாம், ஆனால் துத்தநாகப் பூச்சையும் அது தின்னும்; ஆகவே இரவு முழுக்க ஊறவிட்டுவிடாமல், அடிக்கடி பார்த்து, அப்பச்சோடா கரைசலால் கழுவுவதே சரி. ஈயம் பற்றவைக்கும் முன் சவர்க்காரத் தண்ணீரால் பலதரம் கழுவி, எண்ணெய் ஆவி துளியும் இல்லாமல், மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். சுடரை அண்டவிடவே கூடாது, மின் சூட்டுக்கோல் போதும்.

அதற்குள் மனம் பெற்றோமாக்ஸுக்குத் தாவிவிட்டது. பம்பின் தோல் வொஷர் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. அதோடு வந்த பழைய மென்டில்களை, அதாவது சூட்டில் ஒளிரும் வலைப்பைகளை, தொடப்போவதில்லை: அவற்றில் கதிரியக்கத் தோரியம் உண்டு, உடைந்தால் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. தோரியம் இல்லாத இட்ரிய மென்டில் கிடைத்ததும் பம்பைப் பூட்டலாம்.