சிராவயல் பொட்டலில் ஒரு மைக்கும், பிராங்க் கிஃபோர்டும்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்து, இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பொங்கலையொட்டி வந்தால் தை 3-ஐ விட்டுவிடாதீர்கள். அன்றைக்குத்தான் சிராவயல் மஞ்சுவிரட்டு. காரைக்குடி - திருப்பத்தூர் சாலையில், பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்து ஊர். 1927-இல் காந்தி இங்கே வந்து ஜீவானந்தத்தைச் சந்தித்தார் என்பது ஊருக்கு இன்னொரு பெருமை. சென்னைக்காரர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரை வருகிறது. பொங்கல் வாரத்தில் ரயிலிலும் லாட்ஜிலும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். மஞ்சுவிரட்டு அன்று பஸ் ஊருக்குள் போகும் என்று நம்பாதீர்கள். காலையிலேயே போய், வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடப்பதே நல்லது.

இது அலங்காநல்லூர் அல்ல. அங்கே ஒரு வாடிவாசல், அதற்கு நேர் எதிரே கேலரி, மாடு எங்கிருந்து வரும் என்பதில் சந்தேகமே கிடையாது. இங்கே தொழுவிலிருந்து மாடு வருவது ஒரு பக்கம் நடக்க, சுற்றியுள்ள வயலிலும் பொட்டலிலும் கட்டுமாடுகளைத் தனியே அவிழ்த்துவிடுவார்கள். மாடு எந்தப் பக்கமிருந்தும் வரும். இறங்கிப் பிடிக்கிறவன் தயாராக நிற்கிறான். குத்துப்படுவது பெரும்பாலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிற வேடிக்கைக்காரன்தான். அதனால்தான் மைக் பிடிக்கிறவர் யார் என்பது இங்கே முக்கியமாகிறது.

ஆட்டக்காரராக இருந்து பிறகு மைக் பிடித்த அமெரிக்கர் பிராங்க் கிஃபோர்டை இங்கே நினைக்கக் காரணமும் இதுதான். நம் கால்பந்து அல்ல அவர் ஆடியது, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு 1952-இல் வந்தார். 1956-இல் அவருடைய அணி சாம்பியன் ஆனது, லீக்கின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. 1960 நவம்பர் 20, யாங்கி மைதானம். எதிரணி பிலடெல்பியா ஈகிள்ஸ். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, ஜயன்ட்ஸ் 10-17 என்று பின்தங்கியிருந்தது. கிஃபோர்டு குறுக்கே ஓடிப் பந்தைப் பிடித்தார். எதிர்ப்பக்கமிருந்து வந்த ஈகிள்ஸ் ஆட்டக்காரர் சக் பெட்னாரிக்கை அவர் பார்க்கவில்லை. மோதிய வேகத்தில் பந்து கையை விட்டு நழுவியது, கிஃபோர்டு நினைவிழந்து விழுந்தார். 1961 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1962-இல் திரும்பி வந்தபோது இடத்தை மாற்றிக்கொண்டு, ஓரத்தில் நின்று பந்து வாங்குகிறவராக ஆடினார். 1964 வரை அப்படியே ஓடியது.

அதன்பிறகு மைக். 1967 ஜனவரியில், நம்மூரில் பொங்கல் நடந்துகொண்டிருந்த நேரம், அந்த ஆட்டத்தின் சாம்பியன் போட்டியான சூப்பர் பவுல் முதன்முதலாக நடந்தபோது சிபிஎஸ் தொலைக்காட்சியில் பேசியவர்களில் அவரும் ஒருவர். 1971-இல் ஏபிசி தொலைக்காட்சியின் திங்கட்கிழமை இரவு ஆட்டத்துக்கு வந்தவர் 1997 வரை அங்கேயே இருந்தார். பக்கத்தில் இரண்டு வாயாடிகள்: ஹோவர்ட் கோசெல் வம்பிழுப்பார், டான் மெரிடித் கேலி செய்வார், பாடுவார். எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கஜம், பந்து யார் கையில் என்று சொல்லிக்கொண்டே போவது கிஃபோர்டின் வேலை. சப்பென்று இருக்கிறார், பெயரை மாற்றிச் சொல்கிறார், ஆட்டக்காரர்களை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார் என்றெல்லாம் விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த மூன்று பேரில் அவர் இல்லாவிட்டால், ஸ்கோர் என்ன என்று பார்க்கிறவன்தான் தேட வேண்டியிருந்திருக்கும். 1985-இல் ஆட்டக்காரர் ஜோ தைஸ்மனின் கால் முறிந்த ஆட்டத்தில் அந்தக் காட்சியை மறுபடி காட்டும் முன், மனம் தாங்காதவர்கள் பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னவர் அவர்தான். அடிபட்டவனுக்கு வருகிற புத்தி அது.

சிராவயலில் மைக் பிடிக்கிற நல்ல அறிவிப்பாளரிடமும் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். பழைய மாடுபிடிக்காரர் யாராவது மைக்கில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். புதுக்குரல் "இதோ வருகிறது சிங்கம்!" என்று மாட்டைப் புகழ்ந்துகொண்டிருக்கும். அனுபவஸ்தர் மாட்டைப் பார்க்க மாட்டார், மாடு போகப்போகிற பக்கம் நிற்கிற கூட்டத்தைப் பார்ப்பார். "தம்பி, பின்னாடி மயிலைக்காளை வருது, கம்மாக்கரைப் பக்கம் வழி விடு" என்பார். இடது, வலது என்று சொல்ல மாட்டார். ஆயிரம் பேர் ஆயிரம் திசை பார்த்து நிற்கிற இடத்தில் யாருடைய இடது? கண்மாய்க்கரை, தொழு, மேடை, ஆலமரம் என்று அடையாளம்தான் சொல்வார். ஆகவே வெளியூர்க்காரர்கள் மாடு அவிழ்க்கும் முன்பே, எது எந்தப் பக்கம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவருக்கு அறிவிப்பு வெறும் இரைச்சல்.

இன்னொரு சங்கதி, குழாய் ஸ்பீக்கர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 300 மீட்டர் தள்ளியுள்ள குழாயிலிருந்து எச்சரிக்கை உங்கள் காதுக்கு வர ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் ஓடுகிற மாடு ஏழெட்டு மீட்டர் வந்துவிடும். இரண்டு மூன்று குழாய் வெவ்வேறு தூரத்தில் இருந்தால் ஒரே வார்த்தை அடுத்தடுத்துக் கேட்டுக் குழம்பும். குழாய்க்குப் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் அதற்கு நேர் முன்னே வேண்டாம், காது போய்விடும்.

கேலரி அல்லது நிறுத்தியிருக்கும் லாரியின் மேல் இடம் பிடிப்பதே உத்தமம். கண்மாய்க்கரை உயரமாக இருக்கிறதே என்று ஏறாதீர்கள், மாடும் அந்த வழியாகத்தான் ஏறும். சிவப்புச் சட்டையால் ஆபத்தில்லை, மாட்டுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. தோளில் ஆடுகிற துண்டுதான் வம்பு. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். மாட்டுக்காரர்கள் கயிற்றோடு காத்து நிற்கும் பக்கம் போகவே போகாதீர்கள், மாடு களைத்துப் பயந்து வந்து சேரும் இடம் அது. விழுந்துவிட்டால் எழுந்து ஓடப் பார்க்காமல் குப்புறப் படுத்துவிடச் சொல்வார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

கிஃபோர்டு 2015 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, 84 வயதில் காலமானார். அந்த நவம்பரில், அவர் மூளையை ஆராய்ந்ததில் சிடிஇ என்னும் சிதைவு நோய் தெரியவந்ததாகக் குடும்பத்தார் வெளியிட்டார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருவது. பெட்னாரிக் மோதியது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போன மோதல்கள் எத்தனையோ. இங்கே பொட்டலில் தலையில் அடிபட்டு, "ஒன்றுமில்லை அண்ணே" என்று எழுந்து மறுபடி இறங்குகிற பையன்களைப் பார்ப்பீர்கள். முகாமில் மருத்துவர்கள் இருப்பார்கள். மைக்கில் இருப்பவர் அந்தப் பையனின் சட்டை நம்பரைச் சொல்லி வெளியே கூப்பிட்டால், அவருக்கு வேலை தெரியும் என்று அர்த்தம்.

போட்டி முடிந்ததும் உடனே சாலைக்கு வராதீர்கள். பிடிபடாத மாடுகள் அதே சாலையில்தான் திரியும், வெகுநேரம் கழித்தும் காணாமல்போன மாட்டின் நிறமும் கொம்பு அடையாளமும் மைக்கில் வந்துகொண்டேயிருக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துப் பிள்ளையார்பட்டிப் பக்கம் நடந்தால் காரைக்குடிக்கு பஸ் கிடைக்கும்.