தேனிலவுக்கு ராட்டினம், தங்க 24 மணி நேர ரூம்

பூ வைத்த அன்று எங்கள் இருவரையும் திண்ணையில் கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். அப்போது இவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பிளாக் தண்டர் போயிருக்கீங்களா?" என்பதுதான். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தண்ணீர்ப் பார்க் அது. எட்டாவது படிக்கும்போது பள்ளியில் கூட்டிப் போனார்கள் என்றேன். இவர் பள்ளியிலும் ஒரு வருடம் கூட்டிப் போனார்களாம். அந்த வருடம் வீட்டில் பணம் கட்ட முடியவில்லை. பஸ் கிளம்பும் வரை பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாராம். அதன் பிறகு வேலை, கடன், தங்கச்சி கல்யாணம் என்று முப்பது வயது வரை எந்த ராட்டினத்திலும் ஏறியதில்லை. எங்கள் தேனிலவு எங்கே என்பது எனக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வீட்டில் ஊட்டி, மூணாறு என்று சொல்லிப் பார்த்தார்கள். நாங்கள் மாமனாரின் பழைய ஆல்ட்டோவை எடுத்துக்கொண்டு திருப்பூரில் இருந்து மேட்டுப்பாளையம், மலம்புழா, சாலக்குடி, கொச்சி என்று ஒரே கோடாகப் போட்டோம். நாலு ஊரிலும் பார்க் இருக்கிறது. கோவையில் இருந்து கொச்சி வரை 544ஆம் நெடுஞ்சாலைதான், வழி தேட வேண்டியதில்லை. கையில் 20,000 ரூபாய். பெட்ரோலும் டோலும் குறையாது. டிக்கெட் விலை அவர்கள் வைப்பது. சாப்பாட்டில் கை வைத்தால் பயணமே கசந்துவிடும். மிச்சம் பிடிக்க இருந்த ஒரே இடம் தங்கும் அறைதான். நான் பனியன் ஜாப் ஒர்க் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், இந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அறைக்கு ஒதுக்கியது 6,500.

முதல் இரண்டு நாள் போனில் படம் பார்த்தே போய்விட்டது. பார்க்குக்குப் பக்கத்தில் என்று தேடினால் ரிசார்ட்டுகள்தான் வரும். அதிரப்பள்ளிப் பக்கம் ஒரு இடத்தில் சனிக்கிழமை ஒரு ராத்திரிக்கு 4,500 கேட்டார்கள். அருவி தெரியும் ஜன்னலாம். காலை பத்து மணிக்குப் பார்க்குக்குக் கிளம்பி சாயங்காலம் உடம்பு வலியோடு திரும்புகிறவர்களுக்கு ஜன்னல் எதற்கு? அப்போதுதான் எனக்குத் தெளிவானது. அறை எங்கே இருக்கிறது என்று பார்க்கக்கூடாது, எந்த நேரத்தில் இருந்து எந்த நேரம் வரை நம்மிடம் இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. ராத்திரி ஏழரைக்கு ரூம் போட்டால் மறுநாள் ராத்திரி ஏழரை வரை நம்முடையது. ரிசார்ட்டிலும் ஆப்பில் போடும் ஹோட்டல்களிலும் மதியம் 2 மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள், மறுநாள் காலை 11 அல்லது 12க்கு வெளியே. பார்க்குக்குப் போகிறவர்களுக்கு அது ஒத்தே வராது. காலையிலேயே மூட்டையைக் கட்டிக் காரில் போட்டுவிட்டு, சாயங்காலம் ஈரத்தலையும் குளோரின் வாசனையுமாக அடுத்த ஊர் வரை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாள் வாடகை. 24 மணி நேர ரூம் என்றால் முதல் நாள் சாயங்காலம் போய்ப் படுத்து, மறுநாள் பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டுப் பார்க்குக்குப் போய், திரும்பி வந்து வெந்நீரில் குளித்து, தலை துவட்டிக் கிளம்பலாம். வாடகை ஒரு நாளுக்குத்தான்.

அப்புறம் ஆப்பை மூடிவிட்டு லாட்ஜ்களுக்கு நேரடியாகப் போன் போட ஆரம்பித்தேன். ஒரே லாட்ஜை ஆப்பில் பார்த்தால் மதியம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று இருக்கும், போனில் கேட்டால் 24 மணி நேரம் என்பார்கள். எல்லா இடத்திலும் நான் கேட்டது நாலு கேள்வி. 24 மணி நேரமா? வெந்நீர் எப்போது வரும்? கார் உள்ளே நிற்குமா, ரோட்டிலா? துணி காயப்போட இடம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ரிசப்ஷனில் கொஞ்சம் தயங்குவார்கள். ஆனால் தண்ணீர்ப் பார்க்குக்குப் போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். பெரும்பாலான பார்க்குகளில் பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், நைலான்தான் வேண்டும். ஆளுக்கு இரண்டு செட்தான் வாங்கியிருந்தோம். ஒன்று காய்ந்தால்தான் அடுத்த ஊர்.

மேட்டுப்பாளையத்தில் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் 900 ரூபாய்க்குக் கிடைத்தது. காலை 7.10 மணி ஊட்டி ரயிலைப் பிடிக்க வருகிறவர்கள்தான் அங்கே பெரும்பாலும் தங்குகிறார்கள். அதனால் ஐந்து மணிக்கே கதவுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும், வெந்நீரும் அப்போதே வந்துவிடும். ரூம் போடும்போது நேரத்தை ரசீதில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். 7.25 என்று எழுதிக் கொடுத்தார்கள். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் ரிசப்ஷனில் ஆள் மாறியிருப்பார், நாம் எப்போது வந்தோம் என்று அவருக்கு ரசீதைப் பார்த்தால்தான் தெரியும்.

பிளாக் தண்டரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அம்மா என் தாலிக் கயிற்றை எந்தக் காரணத்துக்கும் கழட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டி எட்டு நாள்தான் ஆகியிருந்தது, மஞ்சள் இன்னும் கையில் ஒட்டும். அலைக்குளத்தில் இறங்குவதற்கு முன்னால் இவர் ஒரு ஊக்கை எடுத்து, தாலியை என் நைலான் சட்டையின் உள்பக்கம் சேர்த்துக் குத்திவிட்டார். விரல் நடுங்கியது. சைரன் அடித்து முதல் அலை வந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயில் தண்ணீர் போவது கூடத் தெரியாமல் சிரித்தார். பின்னால் நீலகிரி மலை. வாசலோடு திரும்பிப் போன அந்தப் பையனை அன்றைக்கு நான் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் வந்து குளித்தபோது மஞ்சள் கரைந்து துண்டெல்லாம் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, அது நாங்கள் கொண்டுபோன காசித் துண்டு. லாட்ஜின் வெள்ளைத் துண்டாக இருந்திருந்தால் கறைக்குக் காசு கேட்டிருப்பார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் சொந்தத் துண்டு கொண்டுபோங்கள்.

ஏழு மணிக்குக் காலி செய்துவிட்டுக் கவுண்டம்பாளையத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டோம். எப்படியும் விருந்துக்கு வரச் சொல்லி நச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மறுவீட்டு விருந்துகளை வழித்தடத்தோடு சேர்த்துவிட்டால் ஒரு ராத்திரி அறைச் செலவும் இல்லை, சொந்தக்காரர்களுக்கும் குறை இல்லை. "ஏங்கண்ணு, தேனிலவுக்குப் போற வழியில சித்தி ஊட்லயா தங்குவாங்க?" என்று கேட்டுக்கொண்டே சின்னம்மா தன் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். காலையில் ஒரு தூக்குப் போசி நிறையப் புளிசாதமும் வந்தது. அந்த அன்பைக் கணக்கு நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மலம்புழாவில் ஃபேன்டசி பார்க்கை அரை நாளில் முடித்துவிட்டோம். அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது அணைத் தோட்டத்தில் இருக்கும் யட்சி சிலைதான். 1969இல் கானாயி குஞ்ஞிராமன் செய்தது. தலையை அண்ணாந்து, இரண்டு கையையும் கூந்தலுக்குள் விட்டபடி அவ்வளவு பெரிய பெண். அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்கு ராத்திரிதான் ஒரு கஷ்டம். பாலக்காட்டில் போனில் பேசி வைத்திருந்த லாட்ஜில், ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு அறை இல்லை என்றுவிட்டார்கள். என் ஆதாரில் அப்பா பெயர், அப்பா வீட்டு முகவரி. இவருடையதில் வேறு ஊர். கல்யாணமாகி ஒன்பது நாளில் யார் ஆதாரை மாற்றியிருப்பார்கள்? கழுத்தில் கயிறு, கையில் மருதாணி, காலில் மெட்டி. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே அந்த ஆள் தலையாட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மரியாதையை யாரோ மேஜை மேல் வைத்துப் புரட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. இவர் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னை வெளியே கூட்டி வந்தார்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு லாட்ஜ். அங்கே ஒரு பெரியவர், நன்றாகத் தமிழ் பேசினார். நான் அவர் கேட்பதற்கு முன்பே எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினேன். மிச்சமான பத்திரிகை நாலு, காரின் டேஷ்போர்டில் இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகூர்த்த நேரம் வரை படித்தார். "இதெல்லாம் வேண்டாம்மா, ஐடி இருந்தா போதும்" என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து மஞ்சள் தடவிய பக்கம் மேலே தெரியும்படி திருப்பிக் கொடுத்தார். வாடகை 1,100. பில்லில் மட்டும் பழைய வழக்கப்படி 12 சதவீதம் வரி போட்டிருந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம்தான் என்று சொன்னேன். உடனே திருத்திவிட்டார்.

இதில் இருந்து நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு: பத்திரிகை ஒன்று, கல்யாண போட்டோ ஒன்று, ஆதாரின் முகமூடிப் பிரதி ஆளுக்கு இரண்டு. முகமூடிப் பிரதி (மாஸ்க்டு ஆதார்) என்றால் முதல் எட்டு எண்களை மறைத்து, கடைசி நாலு மட்டும் தெரியும் படிவம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜ் லாட்ஜாக முழு எண்ணையும் கொடுத்துவிட்டு வர எனக்கு மனமில்லை.

மறுநாள் குதிரான் குகைப்பாதை வழியாகச் சாலக்குடி. அதிரப்பள்ளியில் தங்காமல் ஊருக்குள்ளேயே 24 மணி நேர ரூம், 1,000 ரூபாய். அருவிச் சாலையில் இருக்கும் சில்வர் ஸ்டார்முக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பியதில் கூடுதல் செலவு பெட்ரோல் மட்டும்தான். ரிசார்ட்டின் 4,500ஐ நினைத்தால் அது ஒன்றுமே இல்லை. கேரளத்தில் பொதுப்பணித் துறையின் ரெஸ்ட் ஹவுஸ்களையும் பொதுமக்கள் ஆன்லைனில் பதிவு செய்யலாம். மிகக் குறைந்த வாடகை. எங்கள் தேதிக்கு இடம் இல்லை, முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

கொச்சிக்கு முதலில் ஆலுவாவில் தங்குவதாகத்தான் திட்டம். போன் போட்ட இடமெல்லாம் இல்லை என்றார்கள், இருந்த இடத்தில் இரண்டு மடங்கு சொன்னார்கள். காரணம் கேட்டால், அந்த ஞாயிறு சிவராத்திரி. ஆலுவா மணப்புறத்தில் பெரியாற்றங்கரையில் பலி தர்ப்பணம் செய்ய எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வருமாம். கோவையில் சிவராத்திரிக்கு அறை கிடைக்காது என்று எனக்குத் தெரியும், ஆலுவாவை யோசிக்கவில்லை. கேரளப் பக்கம் போகிறவர்கள் காலண்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழி என்றால் நெடுஞ்சாலை லாட்ஜெல்லாம் ஐயப்ப பக்தர்களால் நிறைந்திருக்கும், ஆவணியில் ஓணம்.

ஆலுவா இல்லை என்றதும்தான் காக்கநாடு கண்ணில் பட்டது, அது நல்லதாகவே முடிந்தது. ஐடி கம்பெனிகள் நிறைந்த இடம். வேலையாக வருகிறவர்களுக்காக நடத்தும் சின்ன சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகள் சனி, ஞாயிறுகளில் காலியாகக் கிடக்கின்றன. சுற்றுலா ஊரில் எந்த நாள் விலை ஏறுகிறதோ அந்த நாள் இங்கே இறங்குகிறது. ஞாயிறு, திங்கள் இரண்டு ராத்திரிக்குச் சேர்த்து 3,000க்குப் பேசி முடித்தேன். சமையல் மேடை, துணி துவைக்கும் மெஷின், கொடி கட்டிய பால்கனி எல்லாம் இருந்தன. பள்ளிக்கரையில் இருக்கும் வொண்டர்லாவுக்கு அங்கிருந்து பக்கம். 2000இல் வீகாலாந்து என்ற பெயரில் திறந்த பார்க் அது. என் பெரிய மாமனார் இன்னும் அப்படித்தான் சொல்கிறார். திங்கள்கிழமை என்பதால் வரிசை குறைவு. இவர் ஒரே ராட்டினத்தில் நாலு தடவை ஏறினார்.

அன்று ராத்திரி பால்கனிக் கொடியில் நாலு நைலான் செட்டும் காய்ந்துகொண்டிருந்தன. நான் நோட்டை எடுத்துக் கூட்டினேன். 900, 1,100, 1,000, 3,000. சின்னம்மா வீட்டு ராத்திரியும் சேர்த்து ஆறு ராத்திரிக்கு ஆறாயிரம், வரி தனி. ஒதுக்கியதில் கொஞ்சம் மிஞ்சியது. இவர் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டே, "பெங்களூரு வொண்டர்லா பிடதியில இருக்குதுங்களாம். பக்கத்துல ராமநகரம்னு ஒரு ஊரு, பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜ் இருக்குமுங்களா?" என்று கேட்டார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே ராமநகரம் என்று எழுதினேன்.