படகில் நிற்பது வாஷிங்டன் இல்லை

2020 பிப்ரவரி. நியூயார்க்கில் காதைக் கடிக்கும் குளிர். மெட் என்று அழைக்கப்படும் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக்கொண்டே டிக்கெட் வரிசைக்கு விரைந்தேன். தற்செயலாகத் திரும்பியபோதுதான் அவை கண்ணில் பட்டன. நான் வந்த வாசலின் இரு பக்கமும் இரண்டு ஓவியங்கள். ஒவ்வொன்றும் 11 அடி உயரம், 22 அடி அகலம். வரிசையை விட்டு விலகி வந்துவிட்டேன்.

வரைந்தவர் கென்ட் மாங்க்மன். கனடாவின் ஃபிஷர் ரிவர் க்ரீ பழங்குடியைச் சேர்ந்தவர். இரண்டுக்கும் சேர்த்து 'மிஸ்டிகோசிவாக்' என்று பெயர். மரப்படகுக்காரர்கள் என்று பொருள். க்ரீ மக்கள் ஐரோப்பியருக்கு வைத்த பெயர் அது. கண்டங்களுக்கும் மனிதர்களுக்கும் ஐரோப்பியர் சூட்டிய பெயர்களையே பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு, அந்தச் சொல்லைக் கடந்துபோகவே நேரமானது.

முதல் ஓவியத்தில் வந்தேறிகள் கடலில் தத்தளிக்கிறார்கள். கரையிலிருக்கும் பூர்வகுடிகள் அவர்களை இழுத்துத் தூக்குகிறார்கள். கரையேறுபவர்களில் கை விலங்கோடு ஒரு கறுப்பினத்தவரும் இருக்கிறார். தானாக வந்தவர் இல்லை அவர். கைகளைத்தான் நெடுநேரம் பார்த்தேன். நீட்டும் கை, பற்றும் கை.

இரண்டாவதில் ஒரு படகு. துடுப்புப் போடுபவர்கள் பூர்வகுடிகள். நடுவே, மெல்லிய துணி காற்றில் பறக்க, ஹை ஹீல்ஸ் அணிந்து நிமிர்ந்து நிற்கிறார் மிஸ் சீஃப். ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காத, மாங்க்மனின் இன்னொரு உரு. லைஃப் ஜாக்கெட் போட்டவர்களும் இருக்கிறார்கள். பின்னால் பாறையில் துப்பாக்கியோடு வெள்ளையர் கூட்டம். நடப்பது இன்றைய கதை.

இந்தப் படகை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று மனசு அரித்தது. விடை அதே கட்டடத்தில், அமெரிக்கப் பிரிவில் மாட்டியிருந்தது: அமெரிக்கச் சுதந்திரப் போரில், பிறகு முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டன் டெலாவேர் ஆற்றைப் படகில் கடக்கும் காட்சி. 1851-ல் எமானுவேல் லாய்ட்ஸே, ஜெர்மனியில் இருந்துகொண்டு வரைந்தது. அமெரிக்கர்களுக்கு அது கிட்டத்தட்ட சாமி படம். அந்த ஆறு லெனாபே என்ற பூர்வகுடி மக்களின் ஆறு என்று அதைப் பார்த்து யாருக்கும் தோன்றாது.

பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவாவின் 'நாட்செஸ்' ஓவியத்தையும் தேடிப்போனேன். நாட்செஸ் என்பது ஒரு அமெரிக்கப் பூர்வகுடியின் பெயர். அழிந்துபோகும் இனத்தின் கடைசி மனிதர்களாக, பச்சிளம் குழந்தையோடு ஒரு தம்பதி. எத்தனை அழகான சோகம்! அந்த அழகுதான் எனக்கு வலித்தது. நீங்கள் முடிந்துபோனவர்கள் என்று உயிரோடிருப்பவர்களிடம் சொல்ல, இவ்வளவு திறமையைச் செலவழித்திருக்கிறார்கள். மாங்க்மன் அந்தத் தம்பதியைத் தன் ஓவியத்துக்குள் அழைத்து வந்திருக்கிறார். ஐரோப்பிய மேதைகளின் அதே உடற்கட்டு, அதே ஒளி, அதே பிரம்மாண்டம். குழந்தைக்கு மட்டும் இப்போது சொந்தக்காரர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள்.

மூடும் நேரம்வரை மூன்று முறை நடந்தேன், வாஷிங்டனிடமிருந்து மிஸ் சீஃபிடம். அடுத்த மாதமே கொரோனாவால் மெட் மூடப்பட்டது. இரண்டு ஓவியங்களையும் அந்த ஆண்டே அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.