விண்டோஸ் இல்லாத பழைய மடிக்கணினி வாங்கியபோது

ஏற்காட்டில் இருப்பவர்கள் சேலத்தில் பழைய பொருள் வாங்கினால், கடையிலேயே சோதித்துவிடுவது நல்லது. கோளாறு என்று மறுபடி இருபது கொண்டை ஊசி வளைவுகளை யார் இறங்கி ஏறுவது? அதனால் அஸ்தம்பட்டியில் பழைய மடிக்கணினி விற்கும் கடைக்குக் கிளம்பும்போதே, விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டுவை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"விண்டோஸ் மட்டும்தான் இல்லைங்க சார். இரண்டு வருடம் ஓடிய மெஷின்" என்றார் கடைக்காரர்.

முதலில் பயாஸ், அதாவது கணினி கிளம்பும்போது ஓடும் அடிப்படை மென்பொருளின் திரை. கடவுச்சொல் கேட்கிறதா என்று பார்ப்பதுதான் இங்கே முக்கியம். முன்பு வைத்திருந்த அலுவலகம் பூட்டிவிட்டிருந்தால் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கேட்கவில்லை. ராம், பிராசசர் இரண்டும் சொன்னபடியே இருந்தன. தேதி மட்டும் பல வருடம் பின்தங்கியிருந்தது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். அது சில்லறைச் செலவுதான்.

அடுத்து எஃப்12 அழுத்திப் பென் டிரைவிலிருந்து உபுண்டுவைக் கிளப்பினேன். நிறுவாமல் முயன்று பார்க்கும் வசதி இருப்பதால் வன்தட்டில் எதுவும் எழுதப்படாது. அதிலுள்ள டிஸ்க்ஸ் செயலியில், வன்தட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தகவலைத் திறந்தேன். ஓடிய நேரம் 21,340 மணி. இரவு பகல் நிறுத்தாமல் ஓடியிருந்தாலே இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகும். அலுவலகத்தில் பகலில் மட்டும் ஓடிய மெஷின் என்றால் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட மோசம், படிக்க முடியாமல் நிலுவையில் நின்ற செக்டர்கள் (தரவு பதியும் சிறு பகுதிகள்) 16. இந்த எண் பூச்சியமாக இல்லாத வன்தட்டில் பிள்ளைகளின் புகைப்படங்களை வைக்க எனக்குத் துணிவில்லை.

திரையைக் கடைக்காரர் பக்கம் திருப்பினேன். "நாங்கள் வாங்கும்போது இதெல்லாம் பார்ப்பதில்லைங்க" என்றார். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வன்தட்டைக் கழற்றி அவரே வைத்துக்கொள்ள, அதற்குரிய தொகையைக் குறைத்தார். வன்தட்டுக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்எஸ்டி எப்படியும் புதிதாகப் போடுவதாகத்தான் இருந்தேன்.

வைஃபையைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தேன். கேமரா, ஒலி, யுஎஸ்பி துளைகள் எல்லாம் சரி. விசைப்பலகையில் ஒவ்வொரு விசையாகத் தட்டியதில் 'பி' மட்டும் அழுத்திக் குத்தினால்தான் விழுந்தது; பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரியின் மூலக் கொள்ளளவு 48 வாட் மணி, இப்போது நிறைவது 29.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டுக்குத்தான் கடையில் நேரம் போதவில்லை. ஒரு சுற்று முடிவதற்குள் அவர் ஷட்டரை இறக்கியிருப்பார். ஒரு வாரத்துக்குள் ராமில் பிழை வந்தால் மாற்றித் தருவதாக பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டேன். வீட்டில் இரவு முழுவதும் ஓடவிட்டதில் பிழை எதுவும் காட்டவில்லை.