பெர்மிட்

மலேயாவிலிருந்து சின்னத் தாத்தாவின் கடிதம் வந்தால் கன்னங்குறிச்சி வீட்டில் அதைப் படிப்பது என் வேலை. தாத்தாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆயாவுக்கு அதுவும் தெரியாது.

நீல நிற ஏரோகிராமின் ஓரத்தை பிளேடால் நிதானமாகக் கீற வேண்டும். மடிப்பு வரைக்கும் எழுதியிருப்பார். கை பிசகினால் நாலு வார்த்தை போய்விடும். பிள்ளையார் சுழி, நலம் நலமறிய ஆவல், அப்புறம் மூக்கனேரி நிரம்பியதா, ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தீர்களா என்று விசாரிப்பு. 1937-ல் கங்காணி கூட்டிப்போய்க் கப்பலேறியவர், சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது, மங்கு என்பது பால் பிடிக்கிற கிண்ணம் என்பதெல்லாம் நாலைந்து கடிதம் படித்த பிறகு நாங்களாகப் புரிந்துகொண்டது.

1970-ல் ஒரு கடிதம் வந்தது. எனக்குப் பத்து வயது. இன்றும் அந்த வரிகள் மனப்பாடம்: “பெர்மிட் இன்னும் கிடைக்கவில்லை. ராத்திரி தூக்கமே இல்லை. அது இல்லாமல் இந்த ஊரில் காலம் தள்ள முடியாது அண்ணா.”

தாத்தா முகம் சிவந்துவிட்டது. ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில், 1937 அக்டோபர் 1-ல், கொண்டுவந்தது எங்கள் சேலம் ஜில்லாவில்தான். 1970-லும் அது இருந்தது. எங்கள் தெருவில் பெர்மிட் என்றால் ஒரே அர்த்தம்தான், சாராயம் குடிக்க சர்க்கார் கொடுக்கிற சீட்டு.

“குடிக்கிறவன் ஆடிக்கு அம்பது ரூபாய் அனுப்புவானா? இது வேற என்னமோ. இன்னொரு தடவை படி சாமி” என்றாள் ஆயா. படித்தேன். தாத்தா காதில் வாங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் பதில் எழுதினேன். “குடிகாரத் தம்பி எனக்கு வேண்டாம்” என்ற வரியும் என் குண்டுக் கையெழுத்தில்தான் போயிற்று.

அதற்கப்புறம் கடிதம் இல்லை. தீபாவளிக்குப் பணம் மட்டும் வந்தது.

மறு வருஷம் ரஜூலா கப்பலில் ஊர் திரும்பிய ஒரு குடும்பம் ஏற்காடு மலை அடிவாரத்தில் வந்து தங்கியது. தாத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார். அந்த வீட்டுக்காரர் சிவப்பு அடையாள அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். குடியுரிமை இல்லாதவர்களுக்கு அங்கே கொடுப்பது. 1969-லிருந்து அந்த அட்டைக்காரர்கள் வேலை செய்யவே பெர்மிட் வாங்க வேண்டும், கிடைக்காதவர்கள்தான் மூட்டை கட்டுகிறோம் என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் அதே மரங்களை வெட்டியவருக்கும் அதே சட்டம்தான்.

திரும்பி வரும்போது தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏரோகிராம் எடுக்கச் சொன்னார். ‘அன்புள்ள தம்பிக்கு’ என்று எழுதிவிட்டு நான் காத்திருந்தேன். அவருக்குச் சொல்ல வரவில்லை. கடைசியில் ஆயாதான் சொன்னாள்: “பெர்மிட் கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி. மூக்கனேரி ரொம்பியிருக்கு, வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போகச் சொல்லு.”

அப்படியே எழுதினேன். தாத்தா கீழே கையெழுத்துப் போட்டார்.