ஓரியூர்: செம்மணலும் சாம்பல் புதனும்

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே தேவிபட்டினம், தொண்டி தாண்டினால் எஸ்.பி.பட்டினம். அங்கே கடற்கரையை விட்டு மேற்கே திரும்ப வேண்டும். பாம்பாற்றின் கரையில் இருக்கிறது ஓரியூர். திருவாடானை வட்டம். தேவகோட்டைப் பக்கமிருந்து வருபவர்கள் திருவாடானை வழியாகவும் வரலாம்.

வருபவர்களில் பலர் போர்த்துகீசிய பாணியில் எழுந்து நிற்கும் தேவாலய முகப்பைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் ஓரியூரைப் பார்த்ததாகவே ஆகாது. கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தர் வெட்டுண்ட இடத்தின் மணலைப் பார்க்க வேண்டும். இந்தக் கரையோரத்தில் நாம் பார்த்துப் பழகிய வெளிறிய மணல் அல்ல அது. காவி கலந்த சிவப்பு. உள்ளங்கையில் ஏந்தித் தேய்த்தால் ரேகைகளில் நிறம் படியும். புனிதரின் ரத்தம் ஊறிய மண் என்பது நம்பிக்கை. நெற்றியில் இட்டுக்கொள்ள ஒரு சிட்டிகை போதும். அதைக் காகிதத்தில் மடித்து வையுங்கள். பை நிறைய அள்ளுவது அடுத்து வருபவருக்குச் செய்யும் அநியாயம்.

அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்த சேசு சபைக் குரு. காவி உடுத்தி, புலால் மறுத்து, பண்டாரசாமியாக மறவர் நாட்டில் நடந்தவர். 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். போர்ச்சுகல் போனவர், ஆபத்து தெரிந்தே 1690-இல் திரும்பி வந்தார். மறவர் நாட்டு இளவரசர் தடியத் தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அரண்மனையின் கோபம் குருவின் மேல் விழுந்தது. 1693 பிப்ரவரி 4 அன்று இங்கே தலை வெட்டப்பட்டது. அன்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். 1947-இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

நேர்ச்சைகள்தான் இந்தத் தலத்தின் உயிர். மொட்டை, காதுகுத்து, ஆட்டுக்கிடாய், தென்னங்கன்று எல்லாம் உண்டு. பிள்ளை வரத்துக்கு நேர்ந்துகொள்பவர்கள் கன்று கொண்டுவருவார்கள். கிடாய் வெட்டுவோர் அங்கேயே சமைத்துப் பந்தி போடுவார்கள். புலால் உண்ணாதவரின் சன்னிதியில் கிடாயா என்று கேட்பவர்கள் உண்டு. குலதெய்வத்துக்குச் செய்வதைத் தங்கள் மண்ணில் உயிர்விட்டவருக்கும் செய்கிறார்கள் ஜனங்கள். அதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. இந்துக் குடும்பங்களும் இதே நேர்ச்சையோடுதான் வருகின்றன.

கிடாய் நேர்ச்சை என்றால் விடியலிலேயே வந்துவிடுங்கள். வெட்டி, உரித்து, சமைத்து முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிடும். தாமதித்தால் பந்தி சாயங்காலம் வரை இழுக்கும். அண்டா, கரண்டி, விறகு, இலை எல்லாம் கையோடு இருந்தால் அலைய வேண்டாம். வெயில் ஏறிய மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது, குழந்தைகளைக் காலையிலேயே கூட்டிப்போய்விடுங்கள். பிப்ரவரி 4-ஐ ஒட்டிய நாட்களில் கூட்டம் நெரியும். அமைதியாக ஜெபிக்க விரும்புபவர்கள் அதற்கு முந்தைய ஜனவரியில் வரலாம். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் கடுமையாகியிருக்காது. பேருந்தில் வருபவர்கள் இறங்கியவுடனே திரும்பும் வண்டியின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.