அக்னி நட்சத்திரம் முடிந்தது, ஒரு பெட்டிகூடக் காலியாகவில்லை

மதுரைப் பக்கம் அடுக்குத் தேனீ (பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீ) வளர்ப்பவர்களுக்கு இந்தத் தலைப்பே போதும், நான் ஏன் குதிக்கிறேன் என்று புரிந்துவிடும். கோடை தாங்காவிட்டால் குடும்பம் மொத்தமாகப் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். நேற்றுக் காலை வெயில் ஏறுமுன், அவை அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களைத் தூக்கிப் பார்த்தேன். அறைக்கு ஒன்றாக முட்டை, அடியில் நட்டமாக நிற்கிறது. அதாவது இட்டு ஒரு நாள்தான் ஆகியிருக்கும். கிளம்ப முடிவு செய்த குடும்பத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும், இருக்கிற தேனையும் குடித்துத் தீர்த்துவிடும். அதனால் கோடையில் என் கண் முதலில் தேடுவது தேனை அல்ல, முட்டையைத்தான்.

முருங்கை நிழல், கீற்றுப் பந்தல், ஈரச் சாக்கு எல்லாம் நீங்களும் செய்வீர்கள். என்னைப் படுத்தி எடுத்தது தண்ணீர்.

வெளியே 40 டிகிரி அடித்தாலும் புழு இருக்கும் அடையைத் தேனீக்கள் 35 டிகிரியை ஒட்டியே வைத்தாக வேண்டும். வேலைக்காரிகள் வயிற்றில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, உள்ளே இருப்பவை அதை அறை விளிம்புகளில் மெல்லிசாகப் பூசும், வாசலில் ஒரு வரிசை சிறகடிக்கும். நம் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்துக் காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியத் தேனீ தலையை உள்பக்கம் திருப்பிக்கொண்டு காற்றை வெளியே இழுக்கும். நம்பாவிட்டால் மதியம் வாசல் ஓரமாக ஓர் ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள், சிறகடிக்கும் பக்கம் புகை உள்ளே போகும்.

சரி, தண்ணீர். "ஒரு கிண்ணத்தில் வையுங்கள், வந்து குடிக்கும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சுத்தமான தண்ணீருக்கு வாசனை கிடையாது, அவை திரும்பிக்கூடப் பார்க்காது. போதாக்குறைக்கு, ஓர் இடத்தில் குடித்துப் பழகிவிட்டால் அது வற்றும்வரை அங்கேயேதான் போகும். என் தேனீக்கள் பிடித்துவைத்திருந்த இடம் பக்கத்து வீட்டுத் துவைக்கல். "தம்பி, உன் பூச்சிகளை வந்து கூட்டிட்டுப் போ, துணி அலச முடியல" என்று அந்த அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்லும் அளவுக்குப் போனது.

ஆகவே இந்த முறை மாசியிலேயே ஆரம்பித்தேன். பழைய மண்பானையின் அடியில் துளை போட்டுத் துணித்திரி செருகி, பந்தல் காலில் தொங்கவிட்டேன். சொட்டு, சாய்த்துவைத்த செங்கல்லில் நேராக விழும், அங்கிருந்து தேங்காய் மட்டைக் குவியலுக்கு இறங்கும். தேங்கி நிற்கும் தண்ணீர் இல்லாததால் மூழ்கிச் சாவது இல்லை. சர்க்கரை கலந்து இழுக்கலாம் என்பார்கள். வேண்டாம், எறும்பு வரும், பெட்டிக்குப் பெட்டி கொள்ளைச் சண்டையும் வரும். நான் போட்டது ஒரு சிட்டிகை கல்லுப்பு, கண்மாயில் அள்ளிய கொஞ்சம் பாசி. செங்கல்லில் பாசி ஏறி லேசாக நாற ஆரம்பித்த பிறகுதான் வந்தன. நடுவில் அம்மா "என்னடா இது அசிங்கமா" என்று தென்னங்குச்சித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டார், கூட்டம் மறுபடி துவைக்கல்லுக்கே போனது. இப்போது செங்கல்லுக்கு மேல் ஒரு அட்டை தொங்குகிறது: "தொடாதே".

திரி விஷயத்தில் ஒன்று. நைலான் கலந்த துணி சரிப்படவில்லை, பழைய பருத்தி வேட்டிக் கிழிசல்தான் ஒரே சீராகச் சொட்டுகிறது. உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும்போது மாற்ற வேண்டும்.

இனிமேல் பெட்டியை, தேனீ வளர்ப்புக்குப் பேர்போன கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்தே வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இங்கே உள்ளூரில் அடித்துக் கொடுத்த பெட்டியில் பலகை வெயிலில் நெளிந்து மூலை விரிந்துவிட்டது, அந்த இடுக்கு, அடையைத் தின்று அழிக்கும் மெழுகு அந்துப்பூச்சிக்கு ராஜபாட்டை. சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், மூன்றாவது பெட்டி இன்னும் இளைப்பாகத்தான் இருக்கிறது. புளி பூக்கத் தொடங்கிவிட்டது, அதில் தேறுகிறதா பார்த்துவிட்டுச் சர்க்கரைப் பாகு வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். கொட்டாத சின்னக் கொசுத் தேனீக்கு மூங்கில் துண்டு வெட்டிவைத்தாயிற்று, கூடு கிடைத்த பாடில்லை. ஆடிக் காற்றுக்கு முன்னால் மூடிகளையும் கயிறு போட்டுக் கட்டியாக வேண்டும்.